மூன்று வருடப் படிப்பை மூன்று வருடத்தில் முடியுங்கள்

அரசாங்க ஆபீசில் வேலை பார்த்தவர்களுக்கு 'அரியர்' என்ற சொல்லைக் கேட்டாலே முகம் மலர்ந்துவிடும். பஞ்சப்படி உயர்வு ஜனவரியிலிருந்து என்று அறிவித்து, ஆணை ஏப்ரலில் வந்து சேரும். இடைப்பட்ட மாதங்களின் பணம் மொத்தமாகக் கைக்கு வரும். அதுதான் அரியர். அந்தப் பணத்தில் தோடு வாங்கியவர்கள் உண்டு, வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தவர்கள் உண்டு.

அதே ஆபீசில் இன்னொரு அரியரும் இருந்தது. அதைக் கேட்டால் முகம் சுருங்கும். மேஜையில் முடிக்காமல் கிடக்கும் தாள்களின் கணக்கு. வாராந்திர அரியர் ஸ்டேட்மென்ட் என்று ஒன்று எழுதி மேலே அனுப்ப வேண்டும். போன வாரம் பாக்கி எத்தனை, இந்த வாரம் வந்தது எத்தனை, முடித்தது எத்தனை, மீதி எத்தனை. மாதக் கணக்காகத் தூங்கும் கோப்புகளுக்குத் தனிக் கணக்கு. எல்.டி.சி.யாகச் சேர்ந்தவர்களுக்கு முதலில் கற்றுக்கொடுப்பதே இதைத்தான்.

மூன்றாவது அரியர் கல்லூரிப் பிள்ளைகளுடையது. தேறாமல் நிற்கும் பேப்பர். 'எத்தனை அரியர்டா?' 'நாலு.' 'எனக்கு ஏழு.' டீக்கடையில் இதைச் சிரித்துக்கொண்டே பேசிக்கொள்கிறார்கள். வயதுக்கு அது சரிதான், சிரிக்கட்டும். ஆனால் இந்த மூன்று அரியர்களில் பிள்ளைகளுடையதுதான் விலை அதிகம் என்பது என் எண்ணம். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நான் பேசுவது அரசுக் கல்லூரியிலும் அரசுப் பல்கலைக்கழகத்திலும் படிக்கும் பிள்ளைகளைப் பற்றி. கொஞ்சம் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு ஒரு வருடம் வீணானால் அப்பா இன்னொரு வருடம் தாங்குவார். மீன்பிடி குப்பத்திலிருந்தோ, பாகூர், திருக்கனூர் பக்கத்து விவசாயக் கூலி வீட்டிலிருந்தோ, மில் மூடிப்போன முதலியார்பேட்டைக் குடும்பத்திலிருந்தோ வரும் பிள்ளைக்கு அந்த ஒரு வருடத்தைத் தாங்க ஆள் கிடையாது. அந்த வீட்டில் அவன்தான் முதல் பட்டதாரி. மூன்று வருடம் அவன் சம்பாதிக்காமல் இருப்பதையே வீடு பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கிறது.

முதலில் இந்த அரியர் முறை எப்படிப்பட்டது என்று பார்ப்போம், ஏனென்றால் அதன் நல்லதும் கெட்டதும் ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

நான் படித்தது பிரெஞ்சு பள்ளியில். அங்கே ஒரு வருடம் தேறவில்லை என்றால் அந்த வகுப்பிலேயே மறுபடி உட்கார வேண்டும். 'ரெதுப்ளே' என்பார்கள். கூடப் படித்தவன் மேல் வகுப்புக்குப் போய்விடுவான், தம்பி வயதுப் பையன் பக்கத்தில் வந்து உட்காருவான். ஒரு பாடத்தில் மட்டும் பலவீனமாக இருந்தவனும் எல்லாப் பாடத்தையும் திரும்பப் படிக்க வேண்டும். மனசுக்குக் கொடுமையான முறை. அதைத் திரும்பக் கொண்டுவரச் சொல்ல மாட்டேன்.

நம் கல்லூரிகளின் முறை இதற்கு நேர் எதிர். செமஸ்டரில் ஐந்து பேப்பரில் இரண்டு போனாலும் அடுத்த செமஸ்டருக்குப் போகலாம், அடுத்த வருடத்துக்கும் போகலாம். போன பேப்பரைப் பிறகு எழுதிக்கொள்ளலாம். கருணையான ஏற்பாடு. சிநேகிதர்களை விட்டுப் பிரிய வேண்டாம், வருடம் போகாது. ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. ரெதுப்ளே ஆனவனுக்குத் தோற்றது அன்றே தெரியும், வீட்டுக்கும் தெரியும், தெருவுக்கும் தெரியும். அரியர் வைத்தவனுக்கு மூன்று வருடம் வரை தெரிவதே இல்லை. அவன் பாட்டுக்கு வகுப்புக்குப் போகிறான், அடையாள அட்டை கழுத்தில் தொங்குகிறது, ஃபேர்வெல் பார்ட்டியில் போட்டோ எடுத்துக்கொள்கிறான். பையன் படித்து முடித்துவிட்டான் என்று அம்மா ஊரெல்லாம் சொல்கிறாள். பட்டம் மட்டும் வரவில்லை.

வராத பட்டத்தின் விலை என்ன? சான்றிதழ்களைச் சரிபார்க்கும் மேஜையில் சில வருடம் உட்கார்ந்தவன் என்பதால் இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல முடியும்.

அரசு வேலையில் தேதிதான் எல்லாம். மதிப்பெண்ணைவிடத் தேதி பெரியது. அந்தக் காலத்தில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்த தேதிதான் மூப்பு. மே மாதம் ரிசல்ட் வந்தவுடன் பதிந்தவனுக்கும், ஒரு பேப்பரைத் திரும்ப எழுதி டிசம்பருக்குப் பிறகு பதிந்தவனுக்கும் நடுவே நூற்றுக்கணக்கான பேர் நின்றுவிடுவார்கள். நேர்முகத்துக்கு அழைப்பு வரும்போது வரிசை முன்னவனோடு முடிந்துவிடும். இருவரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள்.

இப்போது போட்டித் தேர்வுக் காலம். இங்கேயும் தேதிதான். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் அறிவிக்கையை எடுத்துப் பாருங்கள், அறிவிக்கை வெளியான நாளன்று கல்வித் தகுதியைப் பெற்றிருக்க வேண்டும் என்று இருக்கும். அறிவிக்கைக்கு மறுநாள் ரிசல்ட் வந்தாலும் வெளியேதான் நிற்க வேண்டும். அடுத்த அறிவிக்கை எப்போது வரும் என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. வயது வரம்பு மட்டும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

தனியார் கம்பெனிகளும் இதில் சளைத்தவை அல்ல. வளாகத் தேர்வுக்கு வரும்போது 'ஸ்டாண்டிங் அரியர்' இருக்கக் கூடாது என்பார்கள். சில கம்பெனிகள் 'ஹிஸ்டரி ஆஃப் அரியர்' கூடக் கூடாது என்பார்கள், அதாவது எழுதித் தேறியிருந்தாலும் முன்பு ஒரு காலத்தில் போயிருக்கக் கூடாதாம். இந்த இரண்டாவது நிபந்தனை அநியாயம். விழுந்து எழுந்தவனை, விழாதவனைவிட ஒரு படி மேலாகப் பார்க்க வேண்டும். ஆனால் முதல் நிபந்தனையைக் குறை சொல்ல முடியாது. பட்டம் இல்லாதவனைப் பட்டதாரி வேலைக்கு எப்படி எடுப்பார்கள்?

வங்கிக் கல்விக் கடன் வாங்கியவர்கள் கதை தனி. பொதுவாகப் படிப்புக் காலமும் அதற்கு மேல் ஒரு வருடமும் தவணை கேட்க மாட்டார்கள். அதற்குள் வேலை கிடைத்துவிடும் என்பது கணக்கு. வங்கியின் காலண்டருக்கும் பல்கலைக்கழகத்தின் தேர்வு அட்டவணைக்கும் சம்பந்தம் கிடையாது. காலம் தாழ்ந்தால் நீட்டிப்புக் கேட்கலாம், விதியில் இடம் உண்டு, ஆனால் மேனேஜர் முன் போய் நிற்க வேண்டும், அப்பாவும் கூட வந்து நிற்க வேண்டும். வட்டியும் நிற்பதில்லை.

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வந்த பெண்களுக்கு 2022-லிருந்து புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கொடுக்கிறார்கள். 2024-லிருந்து தமிழ்ப் புதல்வன் என்று பையன்களுக்கும் வந்துவிட்டது. நல்ல திட்டங்கள். ஆனால் பணம், பஸ் பாஸ், விடுதி இடம் எல்லாமே வகுப்பில் இருக்கும் வரைக்கும்தான். வகுப்பு முடிந்து அரியர் எழுத வருகிறவனுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. பரீட்சைக் கட்டணமும் பஸ் காசும் கைக்காசு. உதவி தேவைப்படும் நேரத்தில் உதவி நின்றுவிடுகிறது.

பெண் பிள்ளைகள் விஷயம் இன்னும் மோசம். மூன்றாம் வருடம் முடிந்ததும் வீட்டில் ஜாதகம் எடுத்துவிடுகிறார்கள். எங்கள் தெருவில் ஒரு பெண். பி.எஸ்ஸி. கணிதம், ஒரே ஒரு பேப்பர் பாக்கி. கல்யாணத்துக்குப் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று எல்லோரும் சொன்னார்கள், மாப்பிள்ளை வீட்டாரும் சொன்னார்கள். முதல் பரீட்சை நேரத்தில் ஏழாம் மாதம். அடுத்ததற்குக் கைக்குழந்தை. பிறகு பாடத்திட்டம் மாறிவிட்டது. இப்போது அந்தப் பெண் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். கணக்கில் புலி, கால்குலேட்டர் தொட மாட்டாள். விண்ணப்பத்தில் கல்வித் தகுதி என்ற இடத்தில் பிளஸ் டூ என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. முப்பதுக்கு மேற்பட்ட பேப்பர் எழுதித் தேறியிருக்கிறாள், அதற்கெல்லாம் ஒரு மதிப்பும் இல்லை. ஒரு பேப்பர் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது.

இத்தனையும் சொன்னால் சிலர், 'பசங்க படிக்கிறதில்ல சார், எந்நேரமும் போன்தான்' என்பார்கள். போன் பார்க்கிறார்கள்தான். ஆனால் அரசுக் கல்லூரிப் பிள்ளை பின்தங்குவதற்கு நான் கண்ட காரணங்கள் வேறு.

ஒன்று, வேலை. நேரு வீதி ஜவுளிக் கடைகளில் சாயந்திரம் துணி மடித்து வைக்கும் பையன்களைக் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் கல்லூரி. கல்யாண மண்டபங்களில் பரிமாறுகிறவர்கள், இரவு பத்து மணிக்குப் பைக்கில் சாப்பாடு கொண்டுவருகிறவர்கள், அவர்களும் கல்லூரி. முகூர்த்த நாளும் பரீட்சை நாளும் ஒன்றாக வந்தால் எது ஜெயிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு, மொழி. பன்னிரண்டு வருடம் தமிழில் படித்துவிட்டு முதல் செமஸ்டரில் பௌதிகமும் வணிகவியலும் ஆங்கிலத்தில் வருகிறது. பிரெஞ்சில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் குறிப்பெழுதும் ஆபீசுக்குள் நுழைந்தவனுக்கு இந்தத் திணறல் புரியும். விஷயம் தெரியும், சொல் வராது. பரீட்சைத் தாள் சொல்லைத்தான் பார்க்கும்.

மூன்று, முதல் செமஸ்டரின் குறுகல். கலந்தாய்வு, இடம் மாறுவது, இரண்டாவது பட்டியல், மூன்றாவது பட்டியல் என்று சேர்க்கை இழுத்துக்கொண்டே போகும். கடைசியில் சேர்ந்த பிள்ளைக்குப் பாதி செமஸ்டர்தான் மிச்சம். பல பாடங்களுக்கு நிரந்தர ஆசிரியர் இல்லை, கௌரவ விரிவுரையாளர் வர வேண்டும். அதனால் முதல் செமஸ்டரிலேயே இரண்டு அரியர் விழுகிறது. அதன் மேல் இரண்டாவது செமஸ்டரின் ஐந்து பேப்பர் வந்து உட்காருகிறது. ஏழு பேப்பருக்கு ஒரே நேரத்தில் படிக்க வேண்டும். ஐந்துக்கே நேரம் போதாமல்தானே இரண்டு போனது? இப்படித்தான் இரண்டு நாலாகி, நாலு ஏழாகிறது. மீட்டர் வட்டிக்கு வாங்கிய கடன் மாதிரி.

நான்கு, பல்கலைக்கழகங்களின் தாமதம். ரிசல்ட் தாமதம், மறுமதிப்பீடு தாமதம். மறுமதிப்பீட்டு முடிவு வருவதற்குள் அடுத்த பரீட்சைக்குக் கட்டணம் கட்டும் தேதி முடிகிறது. பிள்ளை என்ன செய்வான்? பாஸ் ஆகிவிடுவோம் என்று நம்பிக் கட்டாமல் விடுவான், அல்லது கடன் வாங்கிக் கட்டுவான். நேரத்துக்கு முடிக்கச் சொல்லும் நிறுவனம், தானும் நேரத்தைக் காப்பாற்ற வேண்டாமா?

இதற்கெல்லாம் மருந்தாக அரசியல்வாதிகள் கண்டுபிடித்தது ஆல் பாஸ். 2020-ல் கொரோனா காலத்தில், அரியருக்குப் பணம் கட்டியவர்கள் எல்லாம் தேறியதாகத் தமிழ்நாட்டில் அறிவிப்பு வந்தது, இறுதிப் பருவத் தாள்கள் நீங்கலாக. பிள்ளைகள் பேனர் வைத்தார்கள், பட்டாசு வெடித்தார்கள். விவகாரம் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனது. பரீட்சையே இல்லாமல் தேர்ச்சி கொடுக்க முடியாது, ஏதாவது ஒரு வகையில் தேர்வு நடத்துங்கள் என்று 2021 ஏப்ரலில் நீதிமன்றம் சொன்னது. கொண்டாடிய பிள்ளைகள் மறுபடி புத்தகத்தைத் தேடினார்கள். நல்லவேளை. பரீட்சை எழுதாத பட்டத்தை வைத்துக்கொண்டு ஒரு நேர்முகத்தில் போய் உட்கார முடியுமா? 'நீங்க அந்த பேட்ச்தானே' என்ற கேள்வி ஆயுசுக்கும் தொடர்ந்திருக்கும்.

இன்னொரு மருந்து, பத்து வருடம், இருபது வருடம் கழித்துக் கொடுக்கும் சிறப்பு வாய்ப்பு. நாற்பது வயதில் வந்து எழுதிப் பட்டம் வாங்குகிறவர்களை நான் வணங்குகிறேன். ஆனால் அது இருபது வயதில் கிடைத்திருக்க வேண்டிய பட்டம். படிப்புக் காலத்துக்கு மேல் இரண்டு வருடத்துக்குள் முடிக்க வேண்டும், அசாதாரணமான காரணம் இருந்தால் இன்னும் ஒரு வருடம் என்று யு.ஜி.சி. 2015-ல் வழிகாட்டியது. அதை மதித்து, அந்தக் காலத்துக்குள் பிள்ளையை முடிக்கவைக்க என்ன செய்யலாம் என்று யோசிப்பதுதான் சரி.

'எதுக்கு சார் அவசரம்? ஒவ்வொருத்தர் வேகம் ஒவ்வொரு மாதிரி' என்று கேட்கிறவர்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். நான் வேகத்தைப் பேசவில்லை. உடம்பு சரியில்லாதவர், பிரசவம் ஆனவர், அப்பா இறந்து குடும்பத்தைத் தூக்கியவர் நிதானமாகவே படிக்கட்டும். மெதுவாகவும் விரைவாகவும் படிக்க முறைப்படி வழி செய்யலாம் என்று யு.ஜி.சி.யே 2024-ல் அறிவித்திருக்கிறது. யோசித்து, எழுதிக் கொடுத்து, நான்கு வருடத்தில் முடிப்பது ஒரு முடிவு. மூன்று வருடத்தில் முடிப்பதாக நினைத்துக்கொண்டு ஐந்து வருடம் இழுப்பது முடிவல்ல, நழுவல்.

வெளியூர்களில் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால், எல்லா இடத்திலும் இதே தலைவலி என்பது தெரிகிறது. பிரான்ஸில் லிசான்ஸ் என்ற மூன்று வருடப் பட்டத்தைச் சரியாக மூன்று வருடத்தில் முடிப்பவர்கள் சேர்ந்தவர்களில் பாதிகூட இல்லை. ஆனால் அவர்களிடம் நாம் பார்க்க வேண்டியது இரண்டு உண்டு. பக்கலோரேயா தேர்வில் 20-க்கு 10 சராசரி வேண்டும். 8-க்கு மேல், 10-க்குக் கீழ் என்றால் தோல்வி என்று அனுப்பிவிட மாட்டார்கள். சில நாட்களிலேயே இரண்டு பாடத்தில் வாய்மொழித் தேர்வு வைத்து இன்னொரு வாய்ப்புக் கொடுப்பார்கள். 'ரத்ராபாழ்' என்று பெயர், விட்டதைப் பிடிப்பது. படித்தது மறப்பதற்குள் இரண்டாவது வாய்ப்பு. இரண்டாவது, 2018 முதல் பல்கலைக்கழகச் சேர்க்கையில் 'வி சீ' என்று ஒரு பதில் தருகிறார்கள். 'சரி, ஆனால்' என்று அர்த்தம் வைத்துக்கொள்ளலாம். இடம் தருகிறோம், ஆனால் பலவீனமான பாடத்துக்குக் கூடுதல் வகுப்பில் உட்கார வேண்டும். விழுந்த பிறகு தூக்குவதைவிட இது மேல்.

நியூயார்க் நகரப் பொதுப் பல்கலைக்கழகத்தில் 2007-ல் தொடங்கிய ஒரு திட்டம் உண்டு. இரண்டு வருடப் படிப்பில் சேரும் ஏழைப் பிள்ளைகளுக்கு, அடிக்கடி சந்தித்துப் பேச ஓர் ஆலோசகர், இலவசப் பேருந்து ரயில் அட்டை, புத்தகத்துக்கு உதவி, கட்டணத்தில் குறைவதை ஈடுசெய்வது. பதிலுக்குப் பிள்ளை முழுநேரம் படிக்க வேண்டும். இதற்குப் பலன் உண்டா என்று குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்துச் சோதித்தார்கள். மூன்று வருட முடிவில், உதவி பெற்ற குழுவில் 100-க்கு 40 பேர் பட்டம் வாங்கினார்கள், மற்ற குழுவில் 22 பேர். அட்லாண்டாவில் இருக்கும் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தில், சில நூறு டாலர் பாக்கிக்காகப் பெயர் நீக்கப்பட இருந்த பிள்ளைகளின் பாக்கியைப் பல்கலைக்கழகமே கட்டியது. அவர்களில் பெரும்பாலோர் முடித்து வெளியே வந்தார்கள். பஸ் அட்டையும் சின்னப் பாக்கியும்தான் அங்கேயும் தடை.

நம் பக்கத்திலும் முன்மாதிரி இல்லாமல் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இறுதி செமஸ்டர் முடிந்து ஒரே பேப்பரில் நின்றவர்களுக்கு உடனடித் தேர்வு என்று நடத்துகிறார்கள். அடுத்த செமஸ்டர் வரை காத்திருக்காமல் அந்த வருடமே வெளியே வரலாம். பி.எட்., எம்.ஏ. சேர்க்கையைத் தவறவிடாமல் தப்பித்த பிள்ளைகள் எத்தனையோ பேர். இதைக் கடைசி செமஸ்டருக்கு மட்டும் வைப்பானேன்? முதல் செமஸ்டருக்கும் வையுங்கள் என்பது என் முதல் கோரிக்கை. டிசம்பரில் போன பேப்பரை, ரிசல்ட் வந்த ஒரு மாதத்தில் எழுதவிடுங்கள். அரியர் குட்டி போடுவது முதல் வருடத்தில்தான். அங்கே அடைத்தால் மூன்றாம் வருடத்தில் வெள்ளம் வராது.

இரண்டாவது கோரிக்கை, பழைய கிளார்க்கின் கோரிக்கை. ஒவ்வொரு துறையிலும் அரியர் ஸ்டேட்மென்ட் போடுங்கள். ஆபீசில் தாளுக்குப் போட்டதைப் பிள்ளைக்குப் போடுங்கள். பெயர், எந்தப் பேப்பர், எந்த செமஸ்டரில் போனது, எத்தனை தடவை எழுதினான், அடுத்த பரீட்சைக்குப் பணம் கட்டினானா. ஐந்தே கட்டம். மாதம் ஒரு தடவை துறைத் தலைவர் மேஜைக்குப் போகட்டும், செமஸ்டருக்கு ஒரு தடவை முதல்வர் மேஜைக்கு. இரண்டு தடவை ஒரே பேப்பரில் நின்ற பிள்ளையை ஓர் ஆசிரியர் கூப்பிட்டு, 'எங்கே இடிக்குது' என்று கேட்டால் போதும். ஒரு நோட்டும் அரை மணி நேரமும்தான் செலவு. கோப்பு தூங்கினால் மெமோ கொடுக்கும் அரசாங்கத்தில், பிள்ளை தூங்கினால் கேட்க ஆள் இல்லாமல் இருப்பது நியாயமில்லை.

மூன்றாவது, படிப்புக் காலம் முடிந்த அரியர் மாணவருக்குப் பஸ் பாஸும் பரீட்சைக் கட்டணச் சலுகையும் ஒரு வருடம் நீட்டிக்கட்டும். மூன்று வருடம் ஒரு பிள்ளைக்கு அரசாங்கம் செய்யும் செலவோடு பார்த்தால் இது சில்லறை. கிணறு வெட்டிவிட்டுக் கயிறுக்குக் கணக்குப் பார்க்கக் கூடாது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு அந்தப் படிப்பு புரிய வேண்டியதில்லை. ஒவ்வொரு ரிசல்ட்டின்போதும் 'ஏதாவது பேப்பர் நிக்குதா? அதை எப்ப எழுதப் போற?' என்று மட்டும் கேளுங்கள். திட்டாமல் கேளுங்கள். திட்டினால் அடுத்த தடவை உண்மை வராது. பெண்ணுக்கு வரன் பார்க்கிறவர்கள், மதிப்பெண் பட்டியலையும் ஒரு தடவை பாருங்கள். ஒரு பேப்பர் நின்றால் முகூர்த்தத்தை ஆறு மாதம் தள்ளுங்கள். ஆறு மாதம் காத்திருக்க முடியாத சம்பந்தம் நல்ல சம்பந்தமாக இருக்காது.

கடைசியாகப் பிள்ளைகளுக்கு. தாத்தா வயதில் இருப்பவன் சொல்வதால் கோபித்துக்கொள்ளாதீர்கள். முதல் அரியர் விழுந்தால் அதை அடுத்த வாய்ப்பிலேயே எழுதுங்கள். 'எல்லாத்தையும் கடைசியில சேர்த்து எழுதிக்கலாம்' என்பது தோற்றவர்கள் உங்களுக்குச் சொல்லும் யோசனை, தேறியவர்கள் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஏழு பேப்பர் இருந்தால் ஏழையும் ஒரே தடவையில் தூக்கப் பார்க்காதீர்கள். எளிதான மூன்றை முதலில் முடியுங்கள், எண்ணிக்கை குறைவதே தைரியம் கொடுக்கும். பரீட்சைக் கட்டணம் கட்டும் தேதியைச் சுவரில் எழுதி வையுங்கள், தேதி தவறியே ஆறு மாதம் இழந்தவர்கள் நிறையப் பேர். ஆங்கிலத்தில் வரவில்லை என்றால் தமிழில் எழுத அனுமதி உண்டா என்று உங்கள் பல்கலைக்கழக விதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், கேட்பதில் வெட்கம் இல்லை. முதலாளியிடம் பரீட்சைக்கு முந்திய பதினைந்து நாள் லீவு கேளுங்கள், ஒரு மாதம் முன்பே கேளுங்கள். பத்தில் ஆறு பேர் கொடுத்துவிடுவார்கள் என்று நினைக்கிறேன். அவர்களும் பிள்ளை பெற்றவர்கள்தான்.

அரியரோடு ஏற்கெனவே வெளியே வந்துவிட்டவர்கள் இதைப் படித்தால், இன்று சாயந்திரமே ஒரு வேலை செய்யுங்கள். பழைய மதிப்பெண் பட்டியலை எடுத்து, நிற்கும் பேப்பரின் பெயரையும் குறியீட்டு எண்ணையும் ஒரு தாளில் எழுதுங்கள். நாளைக் காலை கல்லூரி ஆபீசுக்குப் போய், அடுத்த பரீட்சை எப்போது, இன்னும் எத்தனை வாய்ப்பு இருக்கிறது, பாடத்திட்டம் மாறியிருந்தால் அதற்கு ஈடான பேப்பர் எது என்று அந்த மேஜையில் இருக்கும் கிளார்க்கைக் கேளுங்கள். எரிந்து விழுந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், பதில் மட்டும் வாங்காமல் திரும்பாதீர்கள்.